விற்ற பின்னும் விடாத பூட்டு: ஆதரவிழந்த கைப்பேசிகளும் திறந்தமூல மென்பொருளும்

விலை கொடுத்து வாங்கிய ஒரு யந்திரத்தின் உள்ளே ஓடும் நிரலை மாற்றிக்கொள்ளும் அதிகாரம் அதை வாங்கியவனுக்கு உண்டா என்ற கேள்வி கைப்பேசியோடு பிறந்ததன்று. 1980-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் அச்சுப்பொறியின் மூலநிரலைத் தர மறுத்த சம்பவமே தம் சுதந்திர மென்பொருள் இயக்கத்துக்கு வித்து என்று ரிச்சர்டு ஸ்டால்மன் பல இடங்களில் கூறியிருக்கிறார். அன்று ஓர் ஆய்வகத்துக்குள் அடங்கியிருந்த அந்த விவகாரம், இன்று கோடிக்கணக்கான மக்களின் சட்டைப் பையில் இருக்கும் கருவியைப் பற்றியதாக விரிந்துவிட்டது. உற்பத்தியாளர் புதுப்பிப்பு அளிப்பதை நிறுத்திவிட்ட கைப்பேசியில், அல்லது மாற்று மென்பொருளை அவர் என்றுமே அனுமதியாத கைப்பேசியில், உடைமையாளன் தானே ஒரு திறந்தமூல மென்பொருளை இட்டுக்கொள்ளலாமா, இட்டால் அது பிரயோஜனப்படுமா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள்.

இக்கேள்வியைக் கேட்பதற்குத் தண்டலத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், பொறியியற் கல்லூரிகளும் மருத்துவக் கல்லூரியும் நிற்கும் இவ்வூரைத் தாண்டி மேற்கே போனால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று தொழிற்பேட்டைகள் தொடர்கின்றன. 2006-இல் நோக்கியா இங்கே ஆலை திறந்தது. 2014 நவம்பர் முதல் தேதியன்று அதில் உற்பத்தி நின்றது. 2015-இல் ஃபிளெக்ஸ்ட்ரானிக்ஸ் ஆலையில் மோட்டோரோலா கைப்பேசிகள் கோக்கப்பட்டன; 2018-இல் ஷாவ்மி தன் மின்சுற்றுப் பலகைகளுக்கான முதல் இந்திய ஆலையை இங்கேதான் அறிவித்தது; 2019-இல் ஃபாக்ஸ்கான் ஐஃபோன் எக்ஸ்ஆர் கருவியைத் தயாரிக்கத் தொடங்கியது. ஆனால் இங்கே கோக்கப்படும் கருவியில் எந்த மென்பொருள் ஓடலாம் என்பதைத் தீர்மானிக்கும் கையொப்பச் சாவி, கோக்கும் ஆலையின் அதிகாரத்திலோ, அதை வாங்குபவரின் அதிகாரத்திலோ இல்லை.

வழக்கத்தின் தோற்றம்

2003-ஐயொட்டி ஓ2 எக்ஸ்டிஏ என்னும் கருவியைச் சுற்றித் திரண்ட ஆர்வலர் கூட்டம் இவ்வழக்கத்தின் முன்னோடி எனலாம். 2008 இறுதியில் முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி வந்தது; மறு ஆண்டே ஸ்டீவ் காண்டிக் என்பவர் சயனோஜென்மாட் என்னும் மாற்றுப் பதிப்பை வெளியிட்டார். அதே 2009 செப்டம்பரில், தன் சொந்தச் செயலிகளை அதனுடன் சேர்த்து விநியோகிக்கக் கூடாதென்று கூகுள் ஓலை விடுத்தது. அடித்தளம் பொதுச்சொத்து, மேல்மாடம் தனிச்சொத்து என்ற பாகப்பிரிவினை அன்றே நடந்துவிட்டது. அதற்குப் பிறகு எழுந்த தகராறுகளில் பெரும்பாலானவை இந்த எல்லைக்கோட்டைப் பற்றியவையே.

தமிழர் இவ்வழக்கத்துக்குள் புகுந்த வாசல் சற்று வேறானது. ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் எழுத்துகள் வெறுங் கட்டங்களாகத் தெரிந்தன. ஓபரா மினி உலாவியில் ஓர் உள்ளமைப்பை மாற்றி எழுத்துகளைப் படமாக வரவழைத்துப் படித்தவர்கள் ஒரு சாரார். கருவியின் ரூட் என்னும் முழு அதிகாரத்தைக் கைப்பற்றி, தமிழ் எழுத்துருக் கோப்பை அதன் அமைப்புக் கோப்புகளிடையே தாமே வைத்தவர்கள் இன்னொரு சாரார். இவர்களுள் பலருக்குச் சுதந்திர மென்பொருள் என்னும் சித்தாந்தம் அறிமுகமே இல்லாதிருந்திருக்கலாம். தாய்மொழியில் ஒரு செய்தியைப் படிக்க வேண்டுமென்ற நிர்ப்பந்தம் மட்டுமே இருந்தது. மாற்று மென்பொருள் என்றதும் பொழுதுபோக்காளரின் விளையாட்டு என்று ஒதுக்குபவர்கள் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

உரிமை வாதம்

முதல் பட்சம் உரிமையை ஆதாரமாகக் கொண்டது. கருவி என்னுடையது, ஆகவே அதில் ஓடுவதைத் தீர்மானிப்பவனும் நானே என்பது அதன் சாரம். 2010-இல் தொடங்கிய ரெப்ளிகன்ட் திட்டம் இதன் கடுமையான வடிவம்: மூலநிரல் அற்ற ஒரு துணுக்குகூடத் தன் பதிப்பில் இருக்கலாகாது என்ற விரதத்தை அது மேற்கொண்டது. விரதம் தூயது, விளைவு குறுகியது. வைஃபை, கேமரா, முப்பரிமாண வரைவு ஆகியவற்றுள் பல, உற்பத்தியாளரின் மூடிய நிரல் இன்றி இயங்க மறுத்ததால், அத்திட்டம் ஒரு சில பழைய கருவிகளோடு நின்றுவிட நேர்ந்தது.

இவ்வாதத்தின் ஆழமான பலவீனம் சட்டப் பத்திரத்திலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டின் கருவாக அமைந்த லினக்ஸ் கெர்னல் ஜி.பி.எல். உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ் வருவது. அது மூலநிரலைத் தரச் சொல்கிறதேயன்றி, மாற்றிய நிரலை அதே கருவியில் இயக்குவதற்கான சாவியைத் தரும்படி தெளிவாகச் சொல்லவில்லை என்பதே பரவலான அபிப்பிராயம். இக்குறையை நீக்க 2007-இல் வந்த மூன்றாம் பதிப்பை, லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கெர்னலுக்கு ஏற்க மறுத்தார். வன்பொருளை எப்படிப் பூட்டுவது என்பது தம் உரிமத்தின் கவலையன்று என்பது அவர் நிலை. இதனால், மூலநிரல் கையில் இருந்தும் கருவி கைக்கு வராத ஒரு விசித்திர நிலை சாஸ்வதமாயிற்று. நோக்கியாவின் சிம்பியான் இயங்குதளம் இதற்கு இன்னொரு நல்ல உதாரணம்: 2010 பிப்ரவரியில் அதன் மூலநிரல் முழுவதும் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது, ஆயினும் கையொப்பமிடாத அமைப்பு மென்பொருளைக் கைப்பேசிகள் ஏற்கவில்லை, ஓராண்டு சற்றே கடந்ததும் அந்தத் திறப்பும் மூடப்பட்டது.

மைக்ரோமேக்ஸ், கார்பன் முதலிய இந்தியப் பெயர்களில் விற்ற மலிவுக் கைப்பேசிகளின் கதை இன்னும் மோசம். அவற்றுள் பலவற்றில் இருந்த மீடியாடெக் சில்லுகளுக்குரிய கெர்னல் மூலநிரல், தர வேண்டிய கடமை இருந்தும், பெரும்பாலும் வெளிவரவில்லை. ஏழை வாங்கும் கருவியே சீக்கிரம் கைவிடப்பட்டது. அதுவே மீட்க அரியதாகவும் இருந்தது.

காப்பு வாதம்

எதிர்ப் பட்சத்தின் வாதத்தை அதற்குரிய மரியாதையோடு பரிசீலிக்க வேண்டும். கைப்பேசி உயிர்பெறும்போது முதலில் விழித்தெழும் பூட்லோடர் என்னும் சிறு நிரல், அடுத்து வரும் நிரலின் கையொப்பத்தைச் சரிபார்த்த பின்பே அதை ஓடவிடுகிறது. இந்தச் சங்கிலியை அறுத்தால், கருவியைச் சில நிமிடங்கள் கையில் பெற்ற எவரும் உள்ளே ஓர் ஒற்று நிரலை நுழைத்துவிட முடியும். ஆகவே பூட்டைத் திறப்பது உடைமையாளனுக்கே தீங்கு என்பது இவர்கள் கூற்று. சாம்சங் இதில் இன்னும் ஒரு படி மேலே சென்றது: அங்கீகாரமற்ற மென்பொருளை இட்டால் சில்லின் உள்ளே ஒரு மின் உருகி எரிந்து, பணம் செலுத்தும் வசதியும் பாதுகாப்புக் கோப்புறையும் மீளாதபடி முடங்கிவிடும். பழைய மென்பொருளை மீண்டும் இட்டாலும் அந்தத் தழும்பு ஆறாது.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுவது எளியது: புதுப்பிப்பு நின்றுபோன கைப்பேசி, பூட்டியிருந்தாலும், எல்லோருக்கும் தெரிந்த ஓட்டைகளோடு திரிகிறதே, அதைவிடத் திறந்து புதுப்பித்த கைப்பேசி மேலன்றோ? இம்மறுப்பு பாதி உண்மை. சயனோஜென்மாடின் வாரிசான லினேஜ் ஓஎஸ் இட்ட ஒரு பழைய கருவியின் அமைப்புகளில், நம்பகத்தன்மையைக் காட்டும் பகுதியைத் திறந்து பார்த்தால் இரண்டு நிலைகள் தெரியும். ஆண்ட்ராய்டின் பாதுகாப்புத் திருத்தம் அண்மை மாதத்தைக் காட்டும். அதன் கீழே விற்பனையாளரின் திருத்தம், கருவி கைவிடப்பட்ட நாளிலேயே உறைந்து நிற்கும். மோடம், படச் சில்லு ஆகியவற்றின் உள்நிரலைத் தன்னார்வலர் திருத்த இயலாது. திருத்தினாலும் கையொப்பமிட இயலாது. மேல்தளம் புதிது, அஸ்திவாரம் பழையது என்பதை மறைக்காமல் காட்டுவது அத்திட்டத்தின் நேர்மை; ஆனால் எத்தனை பேர் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

பாதுகாப்பையே லட்சியமாகக் கொண்ட கிராபீன் ஓஎஸ் இவ்விடத்தில் எடுத்துள்ள நிலை கவனிக்கத்தக்கது. பூட்டைத் திறந்து, தன் சாவியை இட்டு, மீண்டும் பூட்ட அனுமதிக்கும் கூகுள் பிக்சல் கருவிகளை மட்டுமே அது ஏற்கிறது. உற்பத்தியாளர் கைவிட்டவுடன் தானும் விலகத் தொடங்குகிறது. அதாவது, மாற்று மென்பொருள்காரருள்ளேயே ஒரு பிரிவார், கைவிடப்பட்ட கருவியைப் பாதுகாப்பாக மீட்கவே முடியாது என்று கருதுகிறார்கள். இந்த உட்பகைமையைக் காணாமல், சுதந்திரம் ஒருபுறம் கம்பெனிகள் மறுபுறம் என்று சித்தரிப்பது சரியாகாது.

சிக்கன வாதம்

மூன்றாவது பட்சத்தார் தத்துவம் பேசுவதில்லை. நல்ல நிலையில் இருக்கும் பொருளைக் குப்பையில் எறிவானேன் என்று கேட்கிறார்கள். ஒரு கைப்பேசி தன் ஆயுளில் சூழலுக்கு ஏற்படுத்தும் சுமையில் பெரும்பங்கு அது தயாராகும்போதே ஏற்பட்டுவிடுவதால், ஆயுளை நீட்டுவதே மிகச்சிறந்த மறுசுழற்சி என்பது இவர்கள் கட்சி.

ஸ்ரீபெரும்புதூரில் தயாரான இரண்டாம் தலைமுறை மோட்டோ இ இதற்கு ஏற்ற சான்று. அதன் பூட்டைத் திறக்க உற்பத்தியாளரே வழி வைத்திருந்தார். கருவியை, கணினியின் கட்டளையை ஏற்கும் ஃபாஸ்ட்பூட் நிலைக்குக் கொண்டுவந்து, கேபிளால் கணினியோடு இணைத்து, ஒரு கட்டளையை இட்டால் பல வரிகளில் ஓர் எண்ணெழுத்துத் தொடர் வரும். அவ்வரிகளை இடைவெளியின்றி ஒரே வரியாகச் சேர்த்து நிறுவனத்தின் தளத்தில் ஒட்டினால், உத்தரவாதம் போய்விடும் என்ற எச்சரிக்கையோடு ஒரு சாவி மின்னஞ்சலில் வந்து சேரும். அதை இட்டதும் உள்ளிருக்கும் படங்கள், எண்கள் அனைத்தும் அழிக்கப்பட்டே பூட்டு திறக்கும். அன்று முதல் கருவி ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் பூட்டு திறந்திருக்கிறது என்னும் எச்சரிக்கை திரையில் தோன்றும். இந்தச் சடங்குகளைக் கடந்தவர்களுக்கு, மோட்டோரோலா அக்கருவிக்கு ஒருபோதும் அளிக்காத ஆண்ட்ராய்டு 7.1, லினேஜ் 14.1 என்னும் வடிவில் கிடைத்தது. 2017-இல் இந்தியாவில் மிகுதியாக விற்ற ரெட்மி நோட் 4 கைப்பேசியும் அப்படியே: ஷாவ்மி ஆண்ட்ராய்டு 7-உடன் நின்றது, பின்வந்த பதிப்புகள் பலவற்றை அதில் ஓடவைத்தவர்கள் தன்னார்வலர்கள்தாம்.

அதே நெடுஞ்சாலையில் கோக்கப்பட்ட ஐஃபோன் எக்ஸ்ஆருக்கு இந்தப் பாக்கியம் இல்லை. 2019-இல் வெளிப்பட்ட செக்எம்8 என்னும் அடிநிலை ஓட்டை ஏ11 சில்லுவரை உள்ள ஐஃபோன்களையே தொட்டது. எக்ஸ்ஆரில் இருப்பது ஏ12.

ஆயினும் சிக்கன வாதத்தின் தராசில் சில எடைகள் மறைக்கப்படுகின்றன. ஜியோ வலையமைப்பில் 2ஜி, 3ஜி கிடையாது. குரல் அழைப்பு முழுவதும், 4ஜி இணைப்பிலேயே குரலைக் கொண்டுசெல்லும் வோல்ட்டி வழியாகவே செல்ல வேண்டும். அந்த வசதிக்குரிய நிரல் பெரும்பாலும் மூடிய நிரலாதலால், மாற்று மென்பொருள் இட்ட கருவியில் இணையம் ஓடும், அழைப்பு மட்டும் போகாது என்ற அவல நிலை பல முறை நேர்ந்திருக்கிறது. 2017-இல் பத்தாண்டு ஆயுள் என்ற லட்சியத்தோடு பிறந்த போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் நூற்றுக்கணக்கான கருவிகளில் விழித்தெழுகிறது. அவற்றுள் பெரும்பாலானவற்றை அன்றாடம் பேசும் கைப்பேசியாகக் கொள்ள முடிவதில்லை. சிறு சேவையகமாகவோ, பரிசோதனைக் கருவியாகவோதான் கொள்ள முடிகிறது. 2018-இல் ரெட்மி நோட் 5 ப்ரோ வைத்திருந்தவர்களுள் சிலர், பழைய பதிப்புக்குத் திரும்புவதைத் தடுக்கும் புதிய காப்பை அறியாமல், தம் கருவியை உயிரற்ற பலகையாக்கிக்கொண்டார்கள். நம் பக்கத்துச் சர்வீஸ் கடைகளில் “சாஃப்ட்வேர் அடித்துத் தருவது” பெரும்பாலும் நிறுவனத்தின் பழைய மென்பொருளையே மீண்டும் இடுவதாக இருப்பதன் காரணம் அறியாமை என்று நான் கருதவில்லை. கெட்டால் பொறுப்பு கடைக்காரர் தலையில் விழும் என்ற விவேகமே அது.

சந்தையும் நீதிமன்றமும்

தன்னார்வமாக நடந்ததை வணிகமாக்கினால் இத்துன்பங்கள் தீருமா என்று ஒரு பரிசோதனை இந்திய மண்ணிலேயே நடந்தது. சயனோஜென்மாடை வணிகமாக்க முயன்ற சயனோஜென் நிறுவனம் இந்தியாவுக்கான தனியுரிமையை மைக்ரோமேக்ஸுக்கு அளித்தது. அதற்கு முன்பே அதே மென்பொருளோடு ஒன்பிளஸ் ஒன் இங்கே விற்பனைக்கு வரவிருந்தது. 2014 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒன்பிளஸ் விற்பனைக்குத் தடை விதித்தார். சில நாட்களில் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. திறந்தமூல மென்பொருளின் மேல் ஏகபோக உரிமை கோரி வழக்காடிய அந்த விந்தைக்கு இரண்டே ஆண்டுகளில் முடிவு வந்தது: 2016 இறுதியில் சயனோஜென் தன் சேவைகளை மூடியது; அதன் மூலநிரலைத் தன்னார்வலர்கள் எடுத்து லினேஜ் என்று பெயரிட்டுத் தொடர்ந்தார்கள். கம்பெனி மறைந்தது, நிரல் பிழைத்தது.

2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆண்ட்ராய்டின் கிளைப் பதிப்புகளைக் கைப்பேசி நிறுவனங்கள் வெளியிடாதபடி தடுத்த ஒப்பந்தங்களும் அவ்வழக்கில் கண்டனத்துக்குள்ளாயின. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், உத்தரவுகளுள் சிலவற்றை நீக்கினாலும், அபராதத்தை உறுதி செய்தது. அதே ஆண்டு ஜனவரியில், சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த ஒரு நிறுவனம் உருவாக்கிய பார்ஓஎஸ் மத்திய அமைச்சர்கள் முன்னிலையில் காட்டப்பட்டது. முன்னிறுவிய செயலிகள் இல்லாமை அதன் சிறப்பாகச் சொல்லப்பட்டது. ரகசியம் பேண வேண்டிய அமைப்புகளே அதன் முதல் பயனாளிகள் என்றும் அறிவிக்கப்பட்டது. தண்டலத்து விடுதியில் ஒரு தொழிலாளியின் கையிலிருக்கும் ஆறு வயதுக் கைப்பேசிக்கு அது இறங்கி வரவில்லை. வருமென்று எவரும் வாக்களிக்கவும் இல்லை.

சட்டத்தின் மௌனம்

அமெரிக்காவில் 2010 முதல், கைப்பேசிப் பூட்டைத் திறப்பதற்குப் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டு, மூன்றாண்டுக்கொரு முறை மறுபரிசீலனை செய்யப்படுகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்ந்த 65ஏ பிரிவு, காப்புப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குவது பதிப்புரிமையை மீறும் நோக்கம் இருக்கும்போதே. தன் கைப்பேசியில் உரிமம் பெற்ற திறந்தமூல மென்பொருளை இடுபவனிடம் அந்நோக்கத்தைக் காண்பது கடினம் என்ற அபிப்பிராயம் வலுவானதாகத் தோன்றுகிறது. ஆனால் ஒவ்வொரு கைப்பேசியையும் அடையாளங்காட்டும் ஐஎம்இஐ எண் விஷயம் வேறு. கவனமின்றி ஒரு பகுதியை அழித்தால் அந்த எண் காணாமற் போகும். அதை மீட்கும் கருவியும், திருட்டுக் கைப்பேசியின் எண்ணை மாற்றும் கருவியும் ஒன்றே. 2017-இல் வெளியான விதிகள் எண்ணை மாற்றுவதைச் சட்டவிரோதமாக்கின.

2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள் பழுதுபார்த்துப் புதுப்பிப்பவரை அங்கீகரிக்கின்றன. பூட்லோடரைப் பற்றிப் பேசவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல், விற்பனை நின்றபின் ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கச் செய்யும் நோக்குடைய விதியைக் கொண்டுவந்தது. ஐந்தாண்டு முடிந்ததும் சாவியைக் கொடு என்று அதுவும் சொல்லவில்லை.

புதிய வாயிற்காவலர்

இருபதாண்டுக் காலம் இவ்விவாதம் உற்பத்தியாளருக்கும் உடைமையாளருக்கும் இடையே நடந்தது. இன்று முடிவைத் தீர்மானிப்பவர் மூன்றாமவர் ஒருவர். கருவி அடிப்படைத் தகுதிகளை நிறைவேற்றினால் மட்டும் கட்டணச் செயலி ஓட வேண்டுமென்ற நெறியை ரிசர்வ் வங்கி 2021-இல் வகுத்தது. அந்தத் தகுதியைச் சோதிக்க வங்கிகள் பல, கூகுளின் சான்றையே நாடுகின்றன. பூட்டு திறந்த கைப்பேசிக்கு அச்சான்று முழுமையாகக் கிடைப்பதில்லை. தேநீர்க் கடையிலிருந்து பேருந்துக் கட்டணம்வரை யுபிஐ வழியே கொடுக்கும் நாட்டில், பணம் செலுத்த முடியாத கைப்பேசியைக் கைப்பேசியாகவே எவரும் கருதமாட்டார்கள்.

இதில் ஒரு முரண்பாடு உண்டு. நான்காண்டுகளாகத் திருத்தமே காணாத, ஆனால் பூட்டிய கைப்பேசி பல செயலிகளில் தேறிவிடுகிறது. சென்ற மாதத் திருத்தம் பெற்ற, பூட்டு திறந்த கைப்பேசி தோற்கிறது. பாதுகாப்பை அளப்பதாகச் சொல்லும் சோதனை பெரும்பாலும் சான்றிதழை அளக்கிறது. மாற்று மென்பொருளின் சாவியையும் சரிபார்த்து ஏற்கும் வழி ஆண்ட்ராய்டின் வன்பொருட்சான்று முறையிலேயே இருக்கிறது என்று கிராபீன் திட்டத்தார் காட்டியிருக்கிறார்கள். அந்த வழியும், சொந்தச் சாவியால் மீண்டும் பூட்ட இடந்தரும் கருவிகளுக்கே உதவும். இந்தியச் சந்தையின் மலிவுக் கருவிகளுள் அத்தகையவை அரிது. அடித்தளம் பொதுச்சொத்து என்ற பழைய உடன்பாடுகூடத் தளர்ந்துவருகிறது: 2025 ஜூனில் ஆண்ட்ராய்டு 16 வெளியானபோது, பிக்சல் கருவிகளுக்குரிய துணைக் கோப்புகளை வழக்கம்போல் கூகுள் வெளியிடவில்லை.

எஞ்சி நிற்பவை

உரிமை வாதம் நியாயத்தில் வலியது, நடைமுறையில் மெலிந்தது. காப்பு வாதம் புதிய கருவிக்குப் பொருந்துவது போலப் பழைய கருவிக்குப் பொருந்தவில்லை. சிக்கன வாதமே மக்களுக்கு அண்மையானது, ஆனால் மோடத்தின் உள்நிரலும் வங்கியின் வாயிலும் அதை இடைமறிக்கின்றன. ஆதரவை நிறுத்தும் நாளில் பூட்டின் சாவியையும் உள்நிரலை மறுவிநியோகம் செய்யும் உரிமையையும் உற்பத்தியாளர் ஒப்படைக்க வேண்டும் என்னும் யோசனை இம்மூன்றையும் ஓரளவு சமாதானப்படுத்தக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படி ஒப்படைத்தபின் நேரும் இழப்புக்கு யார் பொறுப்பு, சில்லுத் தயாரிப்பாளரைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இந்தியாவுக்கு உண்டா என்பவற்றுக்கு இன்னும் விடை இல்லை. பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022-இல் குழு அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் தனித் தளமும் திறந்த மத்திய நுகர்வோர் துறை, உதிரிப் பாகத்தோடு மென்பொருளையும் அவ்வுரிமையில் சேர்ப்பது அவசியம். காஞ்சி லினக்ஸ் பயனர் குழு, கணியம் போன்ற தமிழ் முயற்சிகள், எந்தக் கருவியில் வோல்ட்டி பேசுகிறது, எந்த வங்கிச் செயலி திறக்கிறது என்ற அனுபவங்களைத் தமிழில் பதிவு செய்தால் சர்வீஸ் கடைக்காரருக்கும் அது கைகொடுக்கும்.

அதுவரை, மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய கைப்பேசியில் தாராளமாக முயன்று பாருங்கள். ஐஎம்இஐ விவரம் அடங்கிய பகுதியை முதலில் கணினியில் நகலெடுத்துவிட்டு. சம்பளம் வந்து விழும் ஒரே கைப்பேசியில் இதைச் செய்ய வேண்டாம்.